பள்ளத்தை மூடிய மனு

பிளீச்சிங் பவுடரின் நெடி எனக்கு முதலில் மூக்கில் ஏறுவதில்லை, கண்ணில்தான் ஏறுகிறது. மழை விட்ட காலை. துப்புரவுப் பணியாளர்கள் இரண்டு பேர் சாக்கிலிருந்து அள்ளி அள்ளி, பள்ளி மைதானத்தில் ஓட்டப் பந்தயத்துக்குக் கோடு போடுவதுபோல, தெருவின் இரண்டு ஓரத்திலும் வெள்ளையாகத் தூவிக்கொண்டு போகிறார்கள். எதிர் வீட்டு வாசலுக்கு வந்ததும் ஒருவர் நின்று கேட்டுக்கு மேலாக இரண்டு கை சேர்த்து உள்ளே வீசுகிறார். அங்கே தண்ணீர் இன்னும் நிற்கிறது.

கண் எரிகிறது. எரியட்டும் என்று நிற்கிறேன். அந்த வீட்டைப் பார்த்துக் கண் கலங்குவதற்கு இப்படி ஒரு சாக்கு எனக்குத் தேவையாக இருக்கிறது.

அது என் நண்பனின் வீடு. இப்போது பூட்டிக் கிடக்கிறது. அவன் சிதம்பரத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறான். அவனைத் திரும்ப இங்கே வரவைக்க முடியுமா என்பதுதான் கொஞ்ச காலமாக என் நாட்களைத் தின்றுகொண்டிருக்கும் ஒரே கேள்வி. அவன் போனதற்குக் காரணம் மழை என்று தெருவில் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடலூரின் தெற்கு ஓரத்தில், வயலாக இருந்து மனையான இடம் எங்கள் நகர். பெயரில் நகர் என்று சேர்த்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்து சேரும் என்று நம்பிய வயதில் அங்கே போனோம். நானும் அவனும் ஒரே பள்ளியில் ஆசிரியர்கள். நான் தமிழ், அவன் கணக்கு. மேல்பட்டாம்பாக்கத்துக்காரன். அவன் வீட்டில் மாதச் சம்பளம் என்று வாங்கிய முதல் ஆள் அவன்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் ஒரே ஸ்கூட்டரில் மனை பார்க்கப் போனோம். தரகர் ஸ்கூட்டர் சீட்டின் மேலேயே வரைபடத்தை விரித்தார். சாலைகள் மஞ்சள், மனைகள் வெள்ளை. ஒரு மூலையில் மட்டும் பச்சை. பச்சைக்கு நடுவில் பூங்கா என்று எழுதியிருந்தது.

ஊரை மனை மனையாகப் பிரித்து விற்கிறவன் ஒரு துண்டை எல்லோருக்குமாக விட்டுவைக்க வேண்டும் என்று ஒரு சட்டம் இருக்கிறது. எனக்குத் தெரிந்த சட்டங்களில் கவிதைக்குப் பக்கத்தில் வருவது அது ஒன்றுதான். அன்றைக்கு அந்தப் பச்சையைப் பார்த்து நான் மயங்கிப்போனேன். ஆனால் வரைபடத்தின் பச்சை, தரையில் பச்சையாக இல்லை. தண்ணீராக இருந்தது. அந்த வயல்வெளியிலேயே தாழ்ந்த இடம் அது. மனையாக விற்றால் யாரும் வாங்கமாட்டார்கள் என்று பூங்காவாக்கிவிட்டார்கள்.

"பூங்கா பக்கத்து மனைய நான் எடுத்துக்கறேன் மச்சான்" என்றான் அவன். "காத்து வரும். ரிட்டையர் ஆனதும் கேட்டத் தொறந்தா நேரா வாக்கிங்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் தவள கச்சேரி. டிக்கெட் இல்லாம."

நான் எதிர்ப்பக்கம் எடுத்தேன். மேட்டுப் பக்கம். திட்டமிட்டெல்லாம் இல்லை, கிழக்குப் பார்த்த வாசல் வேண்டும் என்று என் மனைவி சொல்லியிருந்தாள்.

அவன் மனைவி புவனகிரிப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். காலையில் முதல் பஸ்ஸுக்கு ஓடுகிறவர், ஓடிக்கொண்டே என் மனைவியிடம் பேசி முடித்துவிடுவார். என்னை அண்ணே என்பார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. என் மகள் பாதி நாள் அந்த வீட்டில்தான் வளர்ந்தாள்.

பூங்காவுக்கு விட்ட அந்த இடத்தைப் பள்ளம் என்றுதான் சொல்வோம். ஐப்பசியில் நிறையும். தெருவின் தண்ணீர் எல்லாம், யாரும் வழி சொல்லாமலே, அவன் வீட்டுச் சுவரை உரசிக்கொண்டு போய் அதில் இறங்கும். கார்த்திகையில் அல்லி பூக்கும். கொக்கு வரும். மாசியில் வற்றி, பங்குனியில் பிள்ளைகள் ஸ்டம்ப் நடுவார்கள். அது ஒரு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடாத வேலைக்காரன் போல. சும்மா கிடக்கிற இடம் என்றே நாங்கள் நினைத்தோம்.

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது அவளுக்கு டெங்கு வந்தது. ரத்தத் தட்டுகள் இறங்கிக்கொண்டே போயின. மருத்துவமனையில் காலை, மதியம் என்று ஒரு தாளில் எண் எழுதிக் கொடுப்பார்கள். கணக்கு வாத்தியார் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடம் தராமல் சட்டைப் பையில் வைத்துக்கொள்வான். அவன் ரத்தம் அவளுக்குப் பொருந்தியது. ஊசி குத்திய கையை மடக்கிப் பிடித்தபடி கட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மாமா ரத்தம் ஏறுது. இனிமே கணக்குல நூத்துக்கு நூறு."

"போங்க மாமா, ரத்தத்துல எல்லாம் கணக்கு வராது."

"ஏன், உங்கப்பன் ரத்தத்துல தமிழ் மட்டும் வந்துச்சாக்கும்?"

"அதுவும் வரல மாமா. பாஸ் மார்க்தான்."

அவள் சிரித்த அந்த மதியத்திலிருந்து எண் ஏறத் தொடங்கியது.

வீட்டுக்கு வந்த மறுநாள் நான் எழுத உட்கார்ந்தேன். குடியிருப்போர் நலச்சங்கத்துக்கு நான்தான் செயலாளர். தமிழ் வாத்தியார் இருக்கும்போது மனு எழுத வேறு ஆள் எதற்கு? பள்ளத்தை மூடி, வரைபடத்தில் உள்ளபடி பூங்கா அமைத்துத் தர வேண்டும், அவ்வளவுதான் கோரிக்கை. இரண்டு வரியில் முடிந்திருக்கும். நான் மூன்று பக்கம் எழுதினேன். பள்ளத்தைக் கொசுக்களின் தாய்வீடு என்றேன். அல்லிப்பூவை மரணத்தின் வெண்குடை என்றேன். மகளின் கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்த பயம் எல்லாம் உவமையாக இறங்கியது.

அவன் படித்துப் பார்த்தான். "நல்லாதான் இருக்கு. வெண்குடை கொஞ்சம் ஜாஸ்திடா."

"இருக்கட்டும். படிக்கிற ஆபீசருக்கு நடுக்கம் வரணும்."

"எனக்கே வருது" என்று சொல்லி, முதல் கையெழுத்தை அவன்தான் போட்டான்.

இத்தனை வருடங்களில் நான் எழுதியவை சிறு பத்திரிகைகளில் வந்திருக்கின்றன. படித்த நாலு பேர் கடிதம் போட்டிருக்கிறார்கள். ஆனால் நான் எழுதியபடியே உலகம் மாறியது அந்த ஒரு முறைதான். பார்வையிட வந்த இளம் பொறியாளர், "சார், உங்க மனுவ மீட்டிங்ல சத்தமா படிச்சாங்க சார்" என்று கைகுலுக்கினார். அன்றைக்கு நான் தெருவில் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

லாரிகள் வந்தன. எங்கோ இடித்த வீடுகளின் செங்கல்லும் காரையும், அதன் மேல் கிராவலும் கொட்டினார்கள். அல்லிக்கொடியின் மேல் யாரோ ஒருவர் வீட்டுக் குளியலறையின் நீல ஓடுகள் விழுந்ததை மாடியிலிருந்து பார்த்தேன். சாலையைவிட ஒரு முழம் உயரமாகப் பூங்கா எழுந்தது. சுற்றிலும் மதில். உள்ளே பிள்ளைகளுக்குச் சறுக்குமரம், பெரியவர்களுக்கு எட்டு வடிவ நடைபாதை. சர்க்கரைக்கு நல்லது என்று எட்டுப் போட்டு நடப்பது அப்போது எல்லா ஊரிலும் பரவியிருந்தது.

அந்தக் கோடை எங்கள் தெருவின் நல்ல காலம். அதை மறைக்கவும் கூடாது. அதுவரை பக்கத்துத் தெருக்காரர்களின் முகம் தெரியாது. இப்போது மாலையானால் எல்லோரும் பூங்காவில். மருமகள்களுக்கு மாமியார் இல்லாத அரைமணி நேரம் கிடைத்தது, மாமியார்களுக்கும் அப்படியே. மூட்டுவலிக்காரர்கள் ஒருவருக்கொருவர் தைலம் சிபாரிசு செய்தார்கள். அவனும் நானும் எட்டுப் போட்டோம்.

"இத்தன எட்டுப் போட்டதுக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல நமக்கு லாரி லைசென்சே குடுப்பாங்க மச்சான்" என்பான்.

ஐப்பசியில் மழை பிடித்தது. தெருத் தண்ணீர் வழக்கம்போல அவன் சுவரை உரசிக்கொண்டு போய்ப் பள்ளத்தைத் தேடியது. மதில் இருந்தது. திரும்பியது. பள்ளம் மூடப்பட்ட பிறகு தெருவிலேயே தாழ்ந்த இடம் எது என்று எங்களில் ஒருவரும் கேட்டிருக்கவில்லை. தண்ணீர் கேட்டுக் கண்டுபிடித்தது. ஒரு பகலில் அவன் வீட்டுக்குள் முழங்கால் வரை ஏறிவிட்டது.

வடிந்ததும் அவன் மனைவி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஆஸ்பத்திரி வார்டு கழுவுவதுபோல, வாளி வாளியாகப் பிளீச்சிங் பவுடர் கலந்து தரை, சுவர், கட்டில் கால் எல்லாம் தேய்த்தார். நாங்கள் உதவிக்குப் போனோம். "கிட்ட வராதீங்கண்ணே, கண்ணு எரியும்" என்றார். அவருக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

அடுத்த வருடமும் ஏறியது.

அந்தப் பொறியாளரே மறுபடி வந்தார். நல்ல பிள்ளை. மதிலைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். "பூங்காவுல தெக்கால பாதிய வெட்டிப் பழையபடி பள்ளமாக்கிடலாம் சார். மதில்ல வழி விட்டா தண்ணி எறங்கிடும். நடைபாத பாதி போயிரும். பழையபடி தண்ணி நிக்கும். ஆனா கட்டுனத ஒடைக்கணும்னா சங்கத்துத் தீர்மானம் வேணும். பார்க் வேணும்னு எழுதிக் கேட்டது நீங்கதானே சார்."

ஆமாம். நான்தான்.

கூட்டம் பூங்காவிலேயே நடந்தது, ஒரு ஞாயிறு மாலை. அவன் கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயைக் கொண்டுவந்திருந்தான். தண்ணீர் நிரப்பிய நீளக் குழாய். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். ஒரு முனையை நடைபாதையில் பிடிக்கச் சொல்லிவிட்டு, மறு முனையோடு தன் வாசற்படியில் போய் நின்றான். படிக்கு மேலே, அவன் முழங்காலுக்குப் பக்கத்தில் நின்றது தண்ணீர்.

"இதுல என் வார்த்தை எதுவும் இல்ல. நிக்கிற எடத்த நீங்களே பாத்துக்குங்க" என்றான்.

"கணக்கு பீரியட் முடிஞ்சிருச்சா மாமா? பெல் அடிங்கப்பா" என்றான் பின்னால் ஒருவன். சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

மூன்றாவது வீட்டுக்காரர் எழுந்தார். "ஜாக்கி வச்சு வீட்டத் தூக்கிடலாமே சார். இப்பதான் எல்லாரும் தூக்குறாங்களே."

"நான் தூக்குனா அடுத்த பள்ளம் ஒங்க வீடுதான். நீங்க தூக்குவீங்க. அப்புறம் ஒங்க பக்கத்து வீடு. கடசியில தெருவே மொட்ட மாடியில வந்து நிக்கும்."

மறுபடி சிரிப்பு. ஆனால் அதற்குள் ஒரு பெண், மடியில் பிள்ளையோடு, கொஞ்சம் அழுகிற குரலில் சொன்னார். "தண்ணி நின்னா கொசு வரும் சார். போன தடவ வந்த டெங்கு மறந்து போச்சா? செயலாளர் சார் பொண்ணையே கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவன் மட்டும் பார்க்கவில்லை. குழாயைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

நான் எழுந்து பேசியிருக்க வேண்டும். தெருவில் வடிகால் இருந்து, பள்ளத்தில் கொசுப்புழு தின்னும் மீன் விட்டு, கரை கட்டி வைத்தால் தண்ணீரும் இருக்கலாம், குழந்தைகளும் இருக்கலாம் என்று அவன் மனைவி எனக்குப் பலமுறை சொல்லியிருந்தார். அது அவர் வேலை, அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் மருத்துவமனையின் அந்த எண் தாள் என் கண் முன்னால் வந்து நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்றும் நின்றது, அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான் எழுதிக் கட்டிய ஒன்றை நானே இடிக்கச் சொல்வதா என்ற எண்ணம்.

"சரி, பார்க்க வெட்டலாம்ங்கறவங்க கையத் தூக்குங்க" என்றார் தலைவர்.

செயலாளர் என்பதால் நடவடிக்கைக் குறிப்பேடு என் மடியில் இருந்தது. வலது கையில் பேனா. எழுதிக்கொண்டிருக்கும் கை எப்படி உயரும்? குனிந்து தேதி எழுதினேன். இடம் எழுதினேன். வந்திருந்தோர் பெயர்களை எழுதினேன். பிறகு நிமிர்ந்து மற்றவர்களின் கைகளை எண்ணினேன். ஏழு. நான் தூக்கியிருந்தால் எட்டோடு நின்றிருக்காது. என் கையைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் தூக்கியிருப்பார்கள். மூடச் சொல்லி எழுதியவனே திறக்கச் சொல்கிறான் என்றால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. அது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும்.

'கோரிக்கை பெரும்பான்மையோரால் ஏற்கப்படவில்லை' என்று எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

அவன் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். நிறுத்தவில்லை. ஆசிரியர் அறையில் டீ குடித்தான். வினாத்தாள் பற்றிப் பேசினான். மகளுக்குக் கல்லூரிச் சேர்க்கைக்கு எங்கே விசாரிக்க வேண்டும் என்று சொன்னான். பூங்காவுக்கு மட்டும் வரவில்லை. மச்சான் என்பது குறைந்து சார் என்று ஒன்றிரண்டு இடத்தில் வந்தது. மற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அதனால் என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் மழையும் வந்து, அவர்கள் கழுவி, காய வைத்து முடித்த பிறகுதான் சொன்னான். அவனுக்குச் சிதம்பரம் பக்கம் மாறுதல் கிடைத்துவிட்டது, அவன் மனைவிக்குப் புவனகிரி அங்கிருந்து இன்னும் பக்கம். தை பிறந்ததும் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. கட்டிலின் ஒரு முனையை நான் பிடித்தேன், மறு முனையை அவன். வாசலில் திருப்பும்போது, "கொஞ்சம் ஒன் பக்கம் தூக்கு" என்றான். தூக்கினேன். பீரோவின் கீழ்ப்பாதியில் தண்ணீர் நின்ற உயரத்துக்குத் துரு கோடு போட்டிருந்தது. என் மகள் மாமியைக் கட்டிக்கொண்டு அழுதாள். வீட்டுச் சாவியை நாலு வீடு தள்ளி இருந்த ஓர் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். எதிர் வீட்டில் நான் இருந்தேன்.

அதன்பிறகு எனக்குப் பூங்காவில் நடக்க முடியவில்லை. நாலு சுற்றுக்குள் பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிடுவேன். எட்டில் ஒரு கெட்ட குணம் இருக்கிறது. எங்கே சுற்றினாலும் நடுப்புள்ளிக்குக் கொண்டுவந்து விட்டுவிடும், அங்கிருந்து பார்த்தால் அவன் வீட்டு ஜன்னல் நேராகத் தெரியும். ஓர் ஊரை நன்றாக வைத்திருப்பது என்றால் என்ன என்று நடக்காமல் உட்கார்ந்தபடி யோசிப்பேன். சாலை, விளக்கு, பூங்கா எல்லாம் வரைபடத்தில் வண்ணம் வாங்கிவிடுகின்றன. தண்ணீர் போகிற வழிக்கு ஒரு வண்ணம் வைக்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. வரைந்தவர்களைச் சொல்லிப் பயனில்லை. அங்கே இருபது வருடம் இருந்தவன் நான். ஒவ்வொரு ஐப்பசியிலும் அந்தத் தண்ணீர் போவதை மாடியில் நின்று ரசித்தவன்.

இந்தப் புரட்டாசியில் புதிய மனு எழுதினேன். ஆறு வரி. பூங்காவின் தென்பாதியை மறுபடி நீர் நிற்கும் இடமாக மாற்றித் தர வேண்டும், முன்பு மூடக் கேட்டது எங்கள் தவறு. வீடு வீடாகப் போனேன். கூட்டத்தில் கை தூக்காதவர்களில் பலர் போட்டார்கள். பிள்ளையோடு அழுத அந்தப் பெண்ணும், மீன் விடுவார்கள் என்று உறுதி கேட்டுவிட்டு, போட்டார். பாதிக்கப்பட்ட வீட்டுக்காரர் கையெழுத்து மட்டும் பாக்கி. போன ஞாயிறு அதை எடுத்துக்கொண்டு சிதம்பரம் போனேன்.

கீழ வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், செங்குத்தான படி ஏறினால் இரண்டு அறை. அவன் மனைவி சர்க்கரை போடாத டீ கொண்டுவந்து வைத்தார். "இளைச்சிட்டீங்கண்ணே" என்றார். அவன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஆறு வரியையும் இரண்டு முறை படித்தான்.

"நீ எழுதுனதா?"

"ஆமா."

"வெண்குடைய காணோம்."

"வேணாம்னு விட்டுட்டேன்."

"அப்ப இப்பதான் எழுதக் கத்துக்கிட்ட" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான். நான் மேலே விட்டுவைத்திருந்த இடத்தில் போடவில்லை, எல்லோருக்கும் கீழே, கடைசியில் போட்டான்.

தைரியம் வந்தது. "வேலையை ஆரம்பிச்சிருவாங்க மச்சான். அடுத்த மழைக்குத் தண்ணி வராது. வந்துருங்க."

அவன் மனைவி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவன் பேனா மூடியைத் தேடி, மாட்டி, பையில் செருகினான்.

"தண்ணிக்குப் பயந்துகிட்டா நான் வந்தேன்?" என்றான். கோபம் எதுவும் இல்லை. "மூணு தடவ ஏறிச்சு. மூணு தடவயும் நாங்க கழுவிட்டு அங்கதானே படுத்தோம்?"

மனுவை மடித்துத் தோள் பையில் வைத்தேன். எழுத வருகிறதே தவிர எனக்குப் பேச வருவதில்லை. அன்றைக்குக் கூட்டத்தில் கை தூக்காமல் குனிந்து எழுதியதும் அதனால்தான் போல.

பஸ் ஸ்டாண்டு வரை கூட நடந்து வந்தான். வழியில் பழைய மாணவன் ஒருவன் வண்டியை நிறுத்தி இரண்டு பேருக்கும் வணக்கம் வைத்தான். "ரெண்டு சாரும் எப்பவும் ஒண்ணாதான் இருப்பீங்க" என்றான். நாங்கள் தலையாட்டினோம். கடலூர் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. மழை மறுபடி தூறத் தொடங்கியது. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு கேட்டேன்.

"ஒரு தடவ வந்து வீட்டையாவது பாத்துட்டுப் போயேன்டா."

அவன் என் தோள் பையை உள்ளே தள்ளிவிட்டான்.

"வீடு எங்க போயிரப் போவுது? நீ ஏறு, பஸ்ஸ எடுத்துட்டான்."